சகலையின் கார் விளக்கு

பெரிய மாப்பிள்ளை தன் காரை லேசில் யாருக்கும் தருகிறவர் அல்ல. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் தன் மனைவியிடமே மூன்று தடவைதான் சாவியைக் கொடுத்திருக்கிறார். அதிலும் இரண்டு தடவை, செருப்பு மாட்டும்வரை சும்மா பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தது. அப்பேர்ப்பட்டவர் ஒரு வாரம் வெளியூரில் வகுப்பெடுக்கப் போகும்போது, சாவியைத் தானாக வந்து சின்ன மாப்பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தார்.

"மாமாவைத் தினமும் முழங்கால் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போகணுமில்ல. ஆட்டோல ஏத்தி இறக்கினா அவருக்கு வலிக்கும். இது இங்கயே இருக்கட்டும் சகலை."

அக்காவைக் கட்டியவர் பெரிய மாப்பிள்ளை, தங்கையைக் கட்டியவர் சின்ன மாப்பிள்ளை. மாமனார் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. சின்ன மாப்பிள்ளைக்கு இப்போது நாற்பத்தாறு வயது, முன்மண்டையில் முடி இல்லை, இருந்தும் அந்தக் குடும்பத்தில் அவர் சின்னவர்தான். சகலைகள் இருவருக்கும் சண்டை என்று ஒன்றும் கிடையாது. ஆனால் பெரியவர் முன்னால் உட்கார்ந்தால் சின்னவருக்குத் தானாகவே முதுகு நிமிர்ந்துவிடும். வாகன இன்ஷூரன்ஸில் சர்வேயர் பெரியவர். அடிபட்ட வண்டியைப் பார்த்தே எது உரசியது, எந்தப் பக்கமிருந்து உரசியது, ஓட்டினவர் சொல்வது உண்மையா கதையா என்று பிட்டுப்பிட்டு வைப்பார். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பார்வையைக் கழற்றி வைத்துவிட்டு வரமாட்டார்.

மூன்று நாள் சின்ன மாப்பிள்ளை அந்தக் காரை முட்டைக் கூடையைப் போல ஓட்டினார். சைக்கிள்கள் அவரைத் தாண்டிப் போயின. பின்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மாமனார், "மாப்பிள்ளை, எனக்கு முழங்கால்லதான் ஆபரேஷன். வண்டிக்கு இல்ல" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தார். பலனில்லை.

வினை வந்தது புதன்கிழமை. அன்று அவருக்கு வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை பெரியவர் திரும்பி வருவதற்குள் காரை ஒருமுறை கழுவி, வாங்கின நிலையைவிட நல்ல நிலையில் திருப்பித் தரவேண்டும் என்று அவருக்கு ஆசை. பெரியவர் வாயால் ஒரு தடவை 'பரவாயில்லையே' என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். கூரையைக் கழுவினார், கதவைக் கழுவினார், சக்கரத்தின் உள்பக்கம்கூடக் கழுவினார். ஹெட்லைட் இரண்டின் மேலும் பூச்சிகள் அடித்துக் காய்ந்து கிடந்தன. ஈரத்துணிக்கு அவை அசையவில்லை. உள்ளே போய், தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை எடுத்து வந்தார். சோப்புத் தண்ணீரில் முக்கி, அடிப்பிடித்த பால் பாத்திரத்தைத் தேய்ப்பதுபோல் இரண்டு விளக்கையும் வட்டம் வட்டமாகத் தேய்த்தார். பூச்சி போன இடம் தெரியவில்லை. மேலே ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றியதும் இரண்டும் ஜம்மென்று மின்னின.

கை கழுவி, காபி குடித்துவிட்டு வந்து பார்த்தார். தண்ணீர் காய்ந்திருந்தது. இரண்டு விளக்கும் குளியலறை ஜன்னல் கண்ணாடி மாதிரி வெளுத்துப் போயிருந்தன.

மற்றவர்களுக்காவது தெரியாமல் செய்துவிட்டோம் என்ற சமாதானம் இருக்கும். சின்ன மாப்பிள்ளைக்கு அதுவும் இல்லை. அவர் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். பின்னறையில் உட்கார்ந்து லென்ஸை அறுத்து, ஓரம் தேய்த்து, பிரேமில் பொருத்துவது அவர் தொழில். பொருத்திக் கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும், "சட்டை நுனியால துடைக்காதீங்க, மெல்லிசுத் துணியால துடைங்க, கீறல் விழுந்தா விழுந்ததுதான்" என்று இருபது வருஷமாகச் சொல்லி வருகிறார். அந்த வாய் இப்போது காரின் முன்னால் திறந்தபடி நின்றது.

அவர் தொழிலறிவே அவருக்கு எமனாகவும் ஆயிற்று. மூக்குக்கண்ணாடியில் கீறல் விழுந்தால் தேய்த்துச் சரிபண்ண முடியாது, மாற்றத்தான் வேண்டும். காருக்கும் அதே கதிதான் என்று அவராகவே தீர்ப்பு எழுதிக்கொண்டார். இருந்தும் மனசு கேட்கவில்லை. தண்ணீர் ஊற்றினார், கீறல் மறைந்தது. காய்ந்ததும் வந்தது. சமையல் எண்ணெயைத் தொட்டுத் தடவினார். மறைந்தது, ஆனால் சாயங்காலத்துக்குள் தெருப் புழுதி முழுவதும் அதில் வந்து ஒட்டிக்கொண்டது. மறுநாள் கடையில் யாரோ பேச்சுவாக்கில், பற்பசை போட்டுத் தேய்த்தால் போகும் என்று சொன்னார்கள். அன்று சாயங்காலமே ஒரு டியூப்பையும் ஒரு பழைய பிரஷ்ஷையும் இடுப்பில் சொருகிக்கொண்டு காருக்குப் போனார்.

இத்தனையும் மனைவிக்குத் தெரியாமல். தெரிந்தால் முடிந்தது கதை. அக்காவும் தங்கையும் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போனில் பேசுவார்கள். அந்தப் போனுக்குத் தப்பின செய்தி என்று இந்தக் குடும்பத்தில் எதுவும் கிடையாது. அதனால் மனைவி வேலை முடிந்து வரும்போதெல்லாம் காரின் மேல் உறையைப் போட்டு மூடி வைத்தார். சகலையின் காரை வெயில்கூடத் தொடவிடாத அக்கறை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவள் வேலை பார்ப்பது பல்செட் செய்யும் கூடத்தில். காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிவரை, சொரசொரப்பான பிளாஸ்டிக் ஈறுகளைத் தேய்த்துத் தேய்த்து, நாக்கு பட்டால் வழுக்கும்படி மெருகேற்றுவதுதான் அவள் பிழைப்பு. ஊரில் எத்தனையோ பேர் அவள் கைவேலையை வாயில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள். இது சின்ன மாப்பிள்ளைக்குத் தெரியாததல்ல. தோன்றவில்லை, அவ்வளவுதான். அவர் மனசில் அவள் சர்வேயர் வீட்டுக்குப் போன் போடுகிறவளாக மட்டுமே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் பற்பசையைத் தேடினாள்.

"அப்பா, நீங்க எடுத்தீங்களா?"

"எனக்கு எதுக்கும்மா? என் பல்லைத்தான் நீ கிண்ணத்துல போட்டு வெச்சிருக்கியே" என்றார் மாமனார்.

அவள் வீடு முழுக்கத் தேடிவிட்டு வெளியே வந்தாள். காரின் உறை முன்பக்கம் மட்டும் கொஞ்சம் தூக்கியிருந்தது. உள்ளே ஏதோ சரக் சரக்கென்று சத்தம். தூக்கிப் பார்த்தாள். அவள் கணவர் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, பிரஷ்ஷில் பற்பசை வைத்து, காரின் வலதுபக்க விளக்குக்குப் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

அவளும் குனிந்து கேட்டாள். "இதுக்குக் காலையில மட்டும் போதுமா, படுக்கப் போறதுக்கு முன்னாடியும் தேய்ச்சு விடணுமா?"

சின்ன மாப்பிள்ளை எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். புதன்கிழமை, பூச்சி, பச்சை நார், எண்ணெய், ஒன்று விடாமல். அவள் உறையை முழுக்க விலக்கி, புறங்கையால் பற்பசையைத் துடைத்தாள். கட்டைவிரல் நகத்தைக் கீறல்களின் குறுக்கே மெல்ல ஓட்டினாள்.

"நகம் மாட்டல. மேலாகத்தான் விழுந்திருக்கு."

"அப்படின்னா?"

"அப்படின்னா போயிடும். நீங்க போட்டது ஜெல் பேஸ்ட். அதுல தேய்க்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல. காருக்கு வாய் மணக்கும், அவ்வளவுதான்."

"கீறல் விழுந்தா விழுந்ததுதானே?"

"உங்க கண்ணாடிக்கு. இது தடிப்பான பிளாஸ்டிக், பவரும் கிடையாது, தேய்க்கலாம். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? நான் என்ன வேலை பாக்குறேன்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்க?"

"அக்காகிட்ட..." என்று இழுத்தார் அவர்.

"நான் என்ன பித்துக்குளியா? சரிபண்ணிட்டுத்தான் சொல்லுவேன்" என்றாள் அவள்.

சனிக்கிழமை மதியம் அவளுக்கு வேலை சீக்கிரம் முடிந்தது. பை நிறையச் சாமானோடு வந்தாள். நிழலில் காரை நிறுத்தச் சொன்னாள். விளக்கைச் சுற்றிப் பெயின்ட் மேல் காகித டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டினாள். சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்ட உப்புத்தாளை எடுத்தாள். தொட்டால் வெறும் தாள் மாதிரியே இருந்தது, மேலே ஒட்டியிருந்த பொடி அவ்வளவு மெல்லிசு. ஈரம் காயாமல் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருப்பது சின்ன மாப்பிள்ளையின் பொறுப்பு. அவள் இடவலமாக மட்டும் தேய்த்தாள். வட்டம் போடவே இல்லை.

பத்து நிமிஷம் கழித்துத் துடைத்துக் காட்டினாள். முன்பு அங்கங்கே வெளுத்திருந்த விளக்கு இப்போது ஒரே சீராக, மூலைமுடுக்கு விடாமல் சுண்ணாம்பு அடித்தது மாதிரி வெளுத்திருந்தது.

"போச்சு" என்றார் சின்ன மாப்பிள்ளை.

"தண்ணியைத் தெளிங்க."

"மொத்தமும் போச்சே."

"பல்செட்டும் நடுவுல இப்படித்தான் இருக்கும். அதுக்காக யாரும் அழுது நான் பார்த்ததில்ல. தெளிங்க."

அடுத்து அதைவிட மெல்லிய தாள், மேலும் கீழுமாக. அதற்கடுத்து இன்னும் மெல்லியது. பிறகு பல்செட்டுக்கு மெருகு போடும் வெள்ளைப் பசையைப் பருத்தித் துணியில் பட்டாணி அளவு எடுத்து, அழுத்தாமல், அவசரப்படாமல் தேய்த்தாள். துணிக்குக் கீழே மெல்ல மெல்ல விளக்கின் உள்பக்கம் தெரிய ஆரம்பித்தது. முதலில் பல்பு, பிறகு அதன் பின்னாலிருந்த வெள்ளித் தகடு, கடைசியில் அந்தத் தகட்டில் தலைகீழாகச் சின்ன மாப்பிள்ளையின் முகம். கடைசியாக, உதிரிபாகக் கடையில் வாங்கி வந்திருந்த பூச்சைத் துணியில் நனைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

"தொடாதீங்க. வெயில் தாங்குற பூச்சு கம்பெனியிலயே போட்டிருப்பாங்க. அதையும் சேர்த்துத்தான் தேய்ச்சிருக்கோம். இதைப் போடாம விட்டா ஆறு மாசத்துல மஞ்சளா போயிடும்."

விளக்கு புதுசாக இருந்தது என்று சொன்னால் போதாது. அங்கே மூடி இருப்பதே தெரியவில்லை. சின்ன மாப்பிள்ளை மனைவியைத் திரும்பிப் பார்த்தார். முன்கை முழுக்க வெள்ளைப் பசை, மூக்கு நுனியிலும் ஒரு பொட்டு. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் வேலை செய்வதை அவர் பக்கத்தில் இருந்து பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

இடதுபக்கத்துக்கு அவள் டேப்பைக் கிழித்தபோது வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. பெரிய மாப்பிள்ளை இறங்கினார். கடைசி நாள் வகுப்பு ரத்தாகிவிட்டதாம், ஒருநாள் முன்னாலேயே வந்துவிட்டார்.

டேப் அவள் கையிலேயே ஒட்டிக்கொண்டது. சின்ன மாப்பிள்ளை வாளியைக் காலால் சக்கரத்துக்குப் பின்னால் தள்ளினார். வாளியை ஒளிக்கலாம், விளக்கை எங்கே ஒளிப்பது? வலதுபக்கம் தெளிந்த தண்ணீர், இடதுபக்கம் கஞ்சி. குழந்தைகூடக் கைகாட்டிச் சிரிக்கும்.

"வாங்க அத்தான்" என்றாள் அவள்.

பெரிய மாப்பிள்ளை காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். கதவு ஓரத்தில் விரலை ஓட்டினார். முன்பக்கம் வந்து, சரியாக இடதுபக்க விளக்குக்கு நேரே நின்றார். குனிந்தார்.

"பரவாயில்லையே சகலை. கொடுத்த மாதிரியே வெச்சிருக்கீங்க."

கிண்டல்தான், அடுத்த வார்த்தையில் வெடிக்கும் என்று இருவரும் காத்திருந்தார்கள். வெடிக்கவில்லை. அவர் சாவிக்குக் கையை நீட்டினார். சின்ன மாப்பிள்ளை சாவியைக் கொடுக்க, பெரியவரின் விரல்கள் சாவிக்கு இரண்டு அங்குலம் தள்ளிக் காற்றைத் தொட்டன. பிறகு நகர்ந்து வந்து பிடித்துக்கொண்டன.

தப்பித்தாயிற்று. நாளைக்கு ஏதாவது சாக்குச் சொல்லிப் போய் இடதுபக்கத்தையும் தேய்த்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. வாயைத் திறக்காதீர்கள் என்று மனைவி கண்ணாலேயே அவரைக் கட்டிப்போட்டாள். பெரியவர் காரின் கதவை நோக்கி நடந்தார். வெயிலுக்கு நெற்றியில் கையை வைத்து, இன்னொரு கையால் காரின் பக்கவாட்டைத் தடவியபடி நடந்தார். கண்ணாடிக் கடையில் இருபது வருஷமாகச் சின்ன மாப்பிள்ளை பார்த்து வருகிற நடை அது. படிக்கட்டைக் காலால் தேடுகிறவர்களின் நடை.

"சகலை, ஒரு நிமிஷம்."

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இங்க வாங்க. இந்த ரெண்டு லைட்டையும் பாருங்க. என்ன வித்தியாசம்?"

பெரியவர் திரும்பி வந்து குனிந்தார். அதைப் பார்த்தார், இதைப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதானே."

"இடது பக்கம் முழுக்கக் கீறல் சகலை. நான்தான் பண்ணினேன். பாத்திரம் தேய்க்கிற நாரைப் போட்டுத் தேய்ச்சுட்டேன். வலது பக்கம் இப்பத்தான் இவ சரிபண்ணினா. அதுவும் அப்படித்தான் இருந்துச்சு."

பெரிய மாப்பிள்ளை நிமிரவில்லை. விரல்களை இடது விளக்கின் மேல் வைத்தார், பிறகு வலதின் மேல். விரல்களுக்குத் தெரிந்துவிட்டது. முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"எத்தனை நாளா?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். ஒருவர் விளக்கைப் பற்றிக் கேட்டார், மற்றவர் கண்ணைப் பற்றிக் கேட்டார்.

"மூணு நாள்" என்றார் சின்னவர்.

"ஏழெட்டு மாசம்" என்றார் பெரியவர்.

அதற்குப் பிறகு அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். எதைப் பார்த்தாலும் ஒரு புகைக்குள் இருந்து பார்ப்பது மாதிரி இருக்கிறது, எதிரே வெளிச்சம் வந்தால் ஒன்றுமே தெரிவதில்லை என்றார். வேலைக்குப் போன இடத்தில் கீறலை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்கிறாராம். மீதியைப் போனில் படம் எடுத்துப் பெரிசாக்கிப் பார்க்கிறாராம்.

"டாக்டர்கிட்டப் போகலாமில்ல, அத்தான்?"

"போனா கண்ணு சரியாத் தெரியலன்னு எழுதிக் கொடுப்பான். கீறல் தெரியாத சர்வேயரை எவன் வெச்சுக்குவான், சொல்லு." டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தார். "ஒரு வாரம் காரை விட்டுட்டுப் போனேனே, பெரிய மனசுன்னு நினைச்சீங்களா சகலை? ஸ்டேஷன் வரைக்கும் ஓட்டிட்டுப் போகப் பயமா இருந்துச்சு."

சின்ன மாப்பிள்ளை பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தும் முதுகு நிமிரவில்லை என்பதை அவர் கவனிக்கக்கூட இல்லை. "புகை மாதிரின்னா பெரும்பாலும் கண்புரைதான் சகலை. எங்க கடைக்கு வர்றதுல பாதிப் பேர் அது எடுத்தவங்கதான். அரை மணி நேர வேலை. டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், திங்கக்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன்."

"அக்காவுக்குத் தெரியுமா?" என்றாள் அவள்.

"தெரியாது."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "மணி அஞ்சே முக்கால். ஆறு மணிக்குப் போன் வரும். நான் எதையும் மறைச்சுப் பழகினவ இல்ல அத்தான். கால் மணி நேரம் இருக்கு, நீங்களே முந்திக்குங்க."

பெரிய மாப்பிள்ளை முந்திக்கொண்டார். போனின் மறுமுனையில் அக்கா பேசியது வாசல்வரை கேட்டது. உள்ளே மாமனார் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

டாக்டர் பார்த்தார், புரைதான், இரண்டு கண்ணிலும். "அப்போ எனக்கும் மூடிதான் மங்கியிருக்கு" என்றார் பெரியவர், கொஞ்சம் நிம்மதியாக. இரண்டு வார இடைவெளியில் இரண்டு கண்ணுக்கும் அறுவை முடிந்தது. அதுவரை அவரை ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் காரில் கொண்டுபோய் விட்டவர் சின்ன மாப்பிள்ளை. இடதுபக்க விளக்கை மட்டும் யாரும் தொடக்கூடாது என்று பெரியவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சேதத்தைச் சர்வேயர் பார்க்காமல் வேலையைத் தொடங்கக் கூடாதாம். ஆகவே ஒரு மாதம் அந்தக் கார் ஒரு கண் திறந்து ஒரு கண் மூடி ஊரைச் சுற்றியது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் சின்ன மாப்பிள்ளை வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றலாம் என்று டாக்டர் சொன்ன அன்று பெரிய மாப்பிள்ளை நேரே சின்னவர் வீட்டுக்குத்தான் வந்தார். காரின் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம் பார்த்தார்.

"வலது கையால தேய்ச்சிருக்கீங்க. மேல் பக்கம்தான் அழுத்தம் ஜாஸ்தி. நடுவுல ஒரு தடவை நாரைத் திருப்பிப் பிடிச்சிருக்கீங்க. கீழ் மூலையில பூச்சி போகாம நகத்தால சுரண்டியிருக்கீங்க."

எல்லாம் உண்மை. சின்ன மாப்பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பெரியவர் எழுந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். "சகலை, உங்களுக்கு மீசை இவ்வளவா நரைச்சிருக்கு?"

அன்றே மூன்று பேரும் சேர்ந்து இடதுபக்கத்தைத் தேய்த்தார்கள். சின்னவர் தண்ணீர் தெளித்தார். அவள் தேய்த்துத் துடைக்கத் துடைக்கப் பெரியவர், "இங்க ஒண்ணு விட்டுப்போச்சு, அங்க ஒண்ணு" என்று காட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவள், "அத்தான், போய்க் கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டுக்கிட்டுப் பத்து நிமிஷம் மூடிப் படுங்க" என்று விரட்ட வேண்டியதாயிற்று. அக்கா தினமும் ஆறு மணிப் போனில் இப்போது ஒரே ஒரு புகாரைத்தான் சொல்கிறாளாம். அலமாரி மேலிருக்கும் தூசியில் தொடங்கி ஆணி அடித்த இடத்துச் சுவர் வெடிப்புவரை அவர் கண்ணில் படாதது எதுவுமில்லையாம்.

பூச்சு காய்ந்த பிறகு, "வாங்க சகலை, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்றார் பெரியவர். சாவியை அவரே எடுத்துக்கொண்டார். பொழுது சாய்கிற நேரம், கடைகளில் அப்போதுதான் விளக்குப் போட்டிருந்தார்கள். ஓட்ட ஆரம்பித்ததும் அவர் வாசிக்கவும் ஆரம்பித்தார். இரும்புக் கடை, தையற்கடை, செருப்புக் கடை. பலகையில் இருந்த போன் நம்பரை வாசித்தார். மருந்துக் கடையில் 'மதிய இடைவேளை ஒன்றரை முதல் நான்கு வரை' என்று ஒட்டியிருந்த காகிதத்தை வாசித்தார். மூன்று தெரு தள்ளி, மாடிச் சுவரில் பொடி எழுத்தில் இருந்த 'வக்கீல் அலுவலகம், படி பின்பக்கம்' என்பதை, வண்டியை நிறுத்தியே வாசித்தார்.

சின்ன மாப்பிள்ளை சீட்டில் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்து, ஊரில் இத்தனை கடைகள் இருக்கின்றனவா என்று நினைத்தபடி, அவர் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே வந்தார்.